லேப்டாப்பிலிருந்து ஆறு ஸ்பீக்கருக்கு: வெளி சவுண்ட் கார்டு வாங்கிப் பொருத்தும் முறை

நிறைய வீடுகளில் டிவி ஸ்டாண்டின் அடித்தட்டில் ஒரு 5.1 ஹோம் தியேட்டர், அதாவது ஐந்து ஸ்பீக்கரும் பேஸுக்கென்று ஒரு சப்ஊஃபரும் உள்ள செட், தூசி படிந்து கிடக்கும். கூடவே வாங்கிய டிவிடி பிளேயர் என்றைக்கோ செத்துப்போயிருக்கும். ஆம்ப்ளிஃபையரும் ஆறு ஸ்பீக்கரும் மட்டும் இன்னும் நன்றாக இருக்கும். லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஒரே ஒரு வயரை இழுத்து அதில் மாட்டி, "பாட்டு கேட்குதுல்ல, போதும்" என்று விட்டுவிடுவார்கள். ஆறு ஸ்பீக்கரும் சத்தம் போடும், ஆனால் ஆறும் ஒரே சத்தத்தைத்தான் போடும். படத்தில் முதுகுக்குப் பின்னால் கதவு தட்டப்பட்டால், முன்னாலும் பின்னாலும் சேர்ந்து தட்டும். அந்தக் காட்சிக்காக ஒலிக்கலவை செய்தவர் பட்ட பாடு வீண்.

எங்கள் சித்தப்பா வீட்டிலும் இதே கதைதான். அந்த ஆம்ப்ளிஃபையரின் முதுகில் ஆறு ஆர்சிஏ ஓட்டைகள் (சிவப்பு, வெள்ளைப் பின் செருகும் வட்ட ஓட்டைகள்) வரிசையாக இருந்தன, பத்து வருடமாக அவற்றில் இரண்டுதான் பயன்பட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, யுஎஸ்பியில் மாட்டும் ஒரு வெளி சவுண்ட் கார்டு மூலம் ஆறையும் உயிர்ப்பித்தோம். அன்று கற்றுக்கொண்டதையும், அதற்குப் பிறகு நாலைந்து வீடுகளில் செய்து பார்த்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. படத்தின் ஃபைல், அதை ஓட்டும் பிளேயர், விண்டோஸ், சவுண்ட் கார்டு, கேபிள், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் என்று இது ஒரு சங்கிலி. இந்த ஏழில் ஏதாவது ஓர் இடத்தில் ஆறு சேனல், அதாவது ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாகப் போகும் ஒலி, இரண்டாகச் சுருங்கிவிட்டால், அதற்குப் பிறகு எவ்வளவு விலை உயர்ந்த சாமான் இருந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது இரண்டுதான். பிரச்சினை வரும்போதெல்லாம் "எந்த இடத்தில் ஆறு இரண்டானது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

முதலில், இது உங்களுக்குத் தேவைதானா?

காசைச் செலவழிக்கும் முன் கம்ப்யூட்டரின் பின்புறத்தைப் பாருங்கள். மேசைக் கம்ப்யூட்டராக இருந்து, மதர்போர்டில் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு நிற ஓட்டைகள் தெரிந்தால் உங்களிடம் ஏற்கெனவே 5.1 இருக்கிறது. பச்சை, நீலம், இளஞ்சிவப்பு என்று மூன்றே இருந்தாலும் பல போர்டுகளில் 5.1 கிடைக்கும். மதர்போர்டின் ஒலிக்கான ரியல்டெக் மென்பொருளில் 5.1 என்று தேர்ந்தெடுத்தால், மைக்குக்கும் லைன்-இன்னுக்கும் இருந்த ஓட்டைகள் ஸ்பீக்கர் ஓட்டைகளாக மாறிவிடும். அப்படி மாறினால் சவுண்ட் கார்டு இல்லாமலே கீழே சொல்லும் மற்ற வேலைகளைச் செய்யலாம்.

எச்டிஎம்ஐ உள்ள ஏவி ரிசீவர் (படமும் ஒலியும் வாங்கும் ஆம்ப்ளிஃபையர்) வைத்திருப்பவர்களுக்கும் சவுண்ட் கார்டு வேண்டாம். எச்டிஎம்ஐ கேபிள் எட்டு சேனல் வரை சுருக்கப்படாத ஒலியை அப்படியே கொண்டுபோகும். லேப்டாப்பிலிருந்து ரிசீவருக்கு ஒரு கேபிள், அவ்வளவுதான்.

ஹெட்போனில் மட்டும் கேட்பவர்களும் நிற்க. இரண்டு காதுக்கும் சேர்த்து இரண்டே ஸ்பீக்கர்தான். அதில் சரவுண்ட் உணர்வு வேண்டுமென்றால் விண்டோஸிலேயே இலவசமாக இருக்கும் விண்டோஸ் சோனிக்கைப் போட்டுப் பாருங்கள்.

மிச்சமிருப்பவர்கள், அதாவது ஒரே ஒரு ஹெட்போன் ஓட்டை உள்ள லேப்டாப்பும், ஆறு ஓட்டை உள்ள ஆம்ப்ளிஃபையர் அல்லது மூன்று வயர் வரும் 5.1 கம்ப்யூட்டர் ஸ்பீக்கரும் வைத்திருப்பவர்கள், அவர்களுக்குத்தான் இந்த வெளி சவுண்ட் கார்டுப் பெட்டி.

ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் "பீப்" என்று மட்டும்தான் சத்தம் போடும். சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்ட பிறகு, சவுண்ட் கார்டு தனியாக வாங்கிப் பொருத்தும் பொருளானது. 1997-இல் இன்டெலின் ஏசி'97, 2004-இல் அதே நிறுவனத்தின் எச்டி ஆடியோ என்று ஒலிக்கான தரநிலைகள் வந்ததும் அந்த வேலை மதர்போர்டுக்குள்ளேயே போய்விட்டது. லேப்டாப் மெலியத் தொடங்கியதும் ஓட்டைகள் குறைந்து, மைக்கும் ஹெட்போனும் ஒரே ஓட்டையில் வந்து நின்றன. அன்று உள்ளே போன சவுண்ட் கார்டைத்தான் இன்று யுஎஸ்பி வழியாக மறுபடி வெளியே எடுக்கிறோம்.

ஆம்ப்ளிஃபையரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய முக்கியமான வேலை இது. ஆம்ப்ளிஃபையரின் பின்னால் ஆறு ஆர்சிஏ ஓட்டைகள் ஒரு தொகுப்பாக இருக்கிறதா? ஃப்ரண்ட் இரண்டு, சரவுண்ட் இரண்டு, சென்டர் ஒன்று, சப்ஊஃபர் ஒன்று. ஸ்பீக்கர் வயர் மாட்டும் இடத்தை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம், நாம் தேடுவது உள்ளீடு. ஆறும் இருந்தால் கொடுத்துவைத்தவர். ஊரில் மெக்கானிக்கிடம் சொல்லி அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப்ளிஃபையர்களில் இது பெரும்பாலும் இருக்கும்.

டிவிடி பிளேயரும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டியாக வந்த ஹோம் தியேட்டர்கள் பலவற்றில் ஆக்ஸ் என்று இரண்டே இரண்டு ஓட்டைதான் இருக்கும். அதற்கு நீங்கள் எவ்வளவு நல்ல சவுண்ட் கார்டு வாங்கினாலும் உள்ளே போவது இரண்டு சேனல்தான். இதைப் பார்க்காமல் கார்டை வாங்கிவிட்டு வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஆறு ஓட்டை இல்லை, ஆனால் ஆப்டிகல் என்று ஒரு சதுர ஓட்டை இருக்கிறது என்றால் அது வேறு வழி. லாஜிடெக் இசட்906 போன்ற செட்டுகளில் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் என்ற சுருக்கிய ஒலி வடிவங்களைப் பிரித்தெடுக்கும் டிகோடர் உள்ளேயே இருக்கிறது. ஆப்டிகல் கேபிளில் படத்தின் டால்பி டிஜிட்டல் ஒலி அப்படியே போகும், ஆறு சேனல் கிடைக்கும். ஆனால் சுருக்கப்படாத ஒலி அந்தக் கேபிளில் இரண்டு சேனலுக்கு மேல் போகாது. அதனால் கேம் விளையாடும்போது ஆறு கிடைக்காது. கிடைக்க வேண்டுமென்றால் ஒலியை உடனுக்குடன் டால்பியாகவோ டிடிஎஸ்ஸாகவோ மாற்றித்தரும் வசதி சவுண்ட் கார்டில் இருக்க வேண்டும். டால்பி டிஜிட்டல் லைவ், டிடிஎஸ் கனெக்ட் என்ற பெயர்களை அட்டையில் தேடுங்கள். ஆப்டிகலை விட ஆறு வயர் வழி எனக்குப் பிடிக்கும். வயர் கூடுதல்தான், ஆனால் படம், கேம் எல்லாமே ஒரே மாதிரி வேலை செய்யும்.

கார்டு வாங்கும்போது ஓட்டையை எண்ணுங்கள்

கடையிலும் ஆன்லைனிலும் பென் டிரைவ் அளவுக்கு ஒரு குட்டிக் கார்டு கிடைக்கும். அதன் மேல் "7.1 சேனல் சவுண்ட்" என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். நானும் முதலில் அதைத்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்தால் இரண்டே ஓட்டை, ஒன்று ஹெட்போனுக்கு, இன்னொன்று மைக்குக்கு. ஒரு ஓட்டையில் ஒரு ஸ்டீரியோ பின், அதாவது இரண்டு சேனல். 7.1 என்று போட்டிருப்பது ஹெட்போனில் சரவுண்ட் போலத் தோன்றவைக்கும் மென்பொருள் வித்தையை. "விர்ச்சுவல்" என்ற சொல் அட்டையில் எங்காவது சிறிய எழுத்தில் இருக்கும்.

ஆகவே கணக்கு எளிது. 5.1 என்றால் 3.5 மில்லிமீட்டர் ஸ்பீக்கர் ஓட்டைகள் மூன்று வேண்டும். 7.1 என்றால் இன்னும் இரண்டு ஸ்பீக்கர் கூடும், ஆக நான்கு. மைக், லைன்-இன், ஹெட்போன் ஓட்டைகளைச் சேர்த்து எண்ணக் கூடாது. அட்டையில் என்ன போட்டிருந்தாலும் சரி, ஓட்டை எண்ணிக்கைதான் உண்மை.

விலை குறைந்த பெட்டிகளில் பலவற்றின் உள்ளே சி-மீடியா நிறுவனத்தின் சிஎம்6206 என்ற சிப் இருக்கும். பழைய சிப்தான், 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரை, அதாவது ஒலியின் அளவுகள் நொடிக்கு 48,000, ஒவ்வொன்றும் 16 பிட். அதை மட்டமாக நினைக்க வேண்டாம். டிவிடியில் வந்த படங்களும், நாம் இன்று பார்க்கும் பெரும்பாலான படங்களும் 48 கிலோஹெர்ட்ஸில்தான் இருக்கின்றன. 16 பிட்டில் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையே ஏறக்குறைய 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும். ஃபேன் ஓடும் ஹாலில் அதை முழுதாக அனுபவிக்க வழியே இல்லை.

"யுஎஸ்பியில் ஆறு சேனல் தாங்குமா?" என்று சிலர் கேட்பார்கள். ஒரு சேனலுக்கு நொடிக்கு 48,000 அளவுகள் (சாம்பிள்), ஒவ்வொன்றும் 16 பிட், மொத்தம் ஆறு சேனல். பெருக்கினால் நொடிக்குச் சுமார் 4.6 மெகாபிட். பழைய யுஎஸ்பி 1.1-இன் வேகமே 12 மெகாபிட். எட்டு சேனலானாலும் 6.1 மெகாபிட்தான், தாராளமாகப் போகும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், எட்டு சேனல் என்று போனால்தான் 18 மெகாபிட்டைத் தாண்டும், அதற்கு யுஎஸ்பி 2.0 வேகத்தில் இயங்கும் கார்டு வேண்டும்.

பிராண்டுக் கார்டுகளில் கிரியேட்டிவின் சவுண்ட் பிளாஸ்டர் எக்ஸ்4, அசூஸின் ஸோனார் யு7 போன்றவை உண்மையான 7.1 கொடுப்பவை. விலை பல மடங்கு. அதற்கு ஈடாக இரைச்சல் குறைவு, ஹெட்போனுக்கு நல்ல பலம், நல்ல மென்பொருள். படம் பார்க்க மட்டும், அதுவும் பழைய ஹோம் தியேட்டரில் என்றால் எளிய பெட்டியே போதும் என்பது என் எண்ணம். மிச்சக் காசை நல்ல சென்டர் ஸ்பீக்கருக்குப் போடலாம், வசனம் பெரும்பாலும் அதில்தானே வருகிறது.

கேபிள்

ஆர்சிஏ உள்ள ஆம்ப்ளிஃபையருக்கு, ஒரு முனையில் 3.5 பின்னும் மறு முனையில் சிவப்பு, வெள்ளை என்று இரண்டு ஆர்சிஏயும் உள்ள கேபிள் மூன்று வேண்டும். மூன்றும் ஒரே நீளத்தில், ஒரே கடையில் வாங்குங்கள். 3.5 பின்னின் மேல் எத்தனை கறுப்பு வளையம் என்று உற்றுப் பாருங்கள். இரண்டு வளையம் உள்ளதுதான் நமக்கு வேண்டியது. மூன்று வளையம் இருந்தால் அது மைக்கோ வீடியோவோ சேர்ந்த பின். அதைச் செருகினால் ஒரு பக்கம் கேட்காது, அல்லது கரகரக்கும். சென்னையில் ரிச்சி தெரு போன்ற இடங்களில் கடைக்காரரிடம் "ஸ்டீரியோ பின் டூ ஆர்சிஏ" என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள்.

கம்ப்யூட்டருக்கென்றே வரும் 5.1 ஸ்பீக்கர் செட்டாக இருந்தால் பெரும்பாலும் மூன்று 3.5 பின் உள்ள கேபிளைக் கூடவே கொடுத்திருப்பார்கள். தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

ஸ்பீக்கரை எங்கே வைப்பது

நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து தொடங்குங்கள். டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்து நேராகப் பார்த்தால், அந்தக் கோட்டிலிருந்து இடது வலது ஃப்ரண்ட் ஸ்பீக்கர்கள் 30 டிகிரி விலகி இருக்க வேண்டும். கோணமானி எல்லாம் வேண்டாம். இரண்டு ஃப்ரண்ட் ஸ்பீக்கர்களுக்கு இடையே உள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்து உங்கள் தலை வரை உள்ள தூரமும் சமமாக இருந்தால் கோணம் தானாக வந்துவிடும். கயிறு ஒன்றால் அளக்கலாம். சென்டர் ஸ்பீக்கர் டிவிக்குக் கீழோ மேலோ, காதை நோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்கட்டும்.

சரவுண்ட் இரண்டும் முதுகுக்கு நேர் பின்னால் இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கும் கோணம் 100 முதல் 120 டிகிரி, அதாவது தோளுக்குச் சற்றே பின்னால். நம் வீடுகளில் சோபா சுவரோடு ஒட்டித்தான் கிடக்கும் என்பதால் இது நமக்கு நல்ல செய்தி. சோபாவின் இரு பக்கமும், காதுக்குக் கொஞ்சம் மேலே சுவரில் மாட்டினாலே கிட்டத்தட்ட சரியாக இருக்கும். சோபாவை ஓர் அடி முன்னால் இழுத்துப் போட முடிந்தால் இன்னும் நல்லது.

சப்ஊஃபரை எங்கே வைத்தாலும் அதன் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது. மூலையில் வைத்தால் பேஸ் அதிகமாகும், சில வீடுகளில் ஜன்னலும் அதிரும்.

ஸ்பீக்கர் வயரின் ப்ளஸ், மைனஸ் மாறாமல் பாருங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பேஸ் காணாமல் போகும், பாடுபவரின் குரல் நடுவில் நிற்காமல் எங்கோ மிதக்கும். பழைய ஸ்பீக்கரில் எது ப்ளஸ் என்று தெரியவில்லையென்றால், வயரை ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றிவிட்டு, ஒரு 1.5 வோல்ட் டார்ச் செல்லை அதன் முனைகளில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். ஸ்பீக்கரின் கோன் (முன்னால் அசையும் தட்டு) வெளியே தள்ளினால், செல்லின் ப்ளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் ப்ளஸ். உள்ளே இழுத்தால் மாற்றி. நடு விரலைக் கோனின் மேல் லேசாக வைத்தால் அந்த அசைவு நன்றாகத் தெரியும்.

இனி இணைக்கலாம்

ஆம்ப்ளிஃபையரையும் லேப்டாப்பையும் அணைத்துவிட்டு வயர்களை மாட்டுங்கள். கார்டின் ஓட்டைகளில் நிறம் இருந்தால் பச்சை ஃப்ரண்ட், கறுப்பு சரவுண்ட், ஆரஞ்சு சென்டரும் சப்ஊஃபரும், சாம்பல் நிறம் 7.1-க்கு மட்டும். 1990-களின் கடைசியில் மைக்ரோசாஃப்டும் இன்டெலும் வகுத்த பிசி 99 நிற வழக்கின் தொடர்ச்சி இது. மலிவான பெட்டிகளில் எல்லா ஓட்டையும் ஒரே நிறமாக இருக்கும், பக்கத்தில் எழுத்து மட்டும் இருக்கும். டார்ச் அடித்துப் படித்துக்கொள்ளுங்கள். ஆர்சிஏ பக்கம் வெள்ளை இடது, சிவப்பு வலது.

பிறகு கார்டை லேப்டாப்பின் யுஎஸ்பியில் நேராகச் செருகுங்கள். மவுஸ், கீபோர்டு, ஹார்டு டிஸ்க் எல்லாம் தொங்கும் ஹப்பில் செருக வேண்டாம், மின்சாரம் பற்றாமல் ஒலி விட்டுவிட்டு வரும். இன்னொன்று, எந்த ஓட்டையில் செருகினீர்களோ அதிலேயே எப்போதும் செருகுங்கள். ஓட்டையை மாற்றினால் விண்டோஸ் பல கார்டுகளைப் புதுக் கார்டு என்று நினைத்து, நீங்கள் செய்த 5.1 அமைப்பை மறந்து மறுபடி ஸ்டீரியோவுக்குப் போய்விடும்.

கடைசியில் ஆம்ப்ளிஃபையரை ஆன் செய்யுங்கள். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபையர் முதலில். கார்டு உயிர் பெறும்போதும் விடும்போதும் "டப்" என்று வரும் அதிர்ச்சி சப்ஊஃபருக்குப் போகாமல் இருக்க இந்த வரிசை.

டிரைவர் சிடி பெட்டியில் இருக்கும், லேப்டாப்பில் அதைப் போட இடம் இருக்காது. கவலை வேண்டாம், எளிய கார்டுகளை விண்டோஸ் தானாகவே அடையாளம் காணும். பிராண்டுக் கார்டாக இருந்தால் மட்டும் அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள், டால்பி டிஜிட்டல் லைவ் போன்றவை அதில்தான் வரும்.

இப்போது விண்டோஸுக்கு ஆறு ஸ்பீக்கர் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் தவறவிடும் படி இதுதான். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் சவுண்ட், கீழே இறங்கினால் மோர் சவுண்ட் செட்டிங்ஸ். விண்டோஸ் 10-இல் அது சவுண்ட் கன்ட்ரோல் பேனல் என்று இருக்கும். பழைய பாணிப் பெட்டி ஒன்று திறக்கும். பிளேபேக் பகுதியில் உங்கள் யுஎஸ்பி கார்டைத் தேர்ந்தெடுத்து, செட் டிஃபால்ட் அழுத்துங்கள். அப்புறம் இடப்பக்கம் கீழே உள்ள கான்ஃபிகர். அங்கே ஸ்டீரியோ, குவாட்ராஃபோனிக், 5.1 சரவுண்ட் என்று பட்டியல் வரும். 5.1-ஐத் தேர்ந்தெடுங்கள். சில கார்டுகளில் 5.1 இரண்டு முறை வரும். ஒன்றில் சரவுண்ட் ஸ்பீக்கர் பக்கவாட்டிலும் மற்றொன்றில் பின்னாலும் வரைந்திருக்கும். முதலில் ஒன்றைப் போட்டுப் பார்த்து, சரவுண்டில் சத்தம் வரவில்லையென்றால் மற்றதைப் போடுங்கள்.

அடுத்த பக்கத்தில் ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கர்ஸ் என்று கேட்கும். உங்கள் ஃப்ரண்ட் ஸ்பீக்கர் உள்ளங்கை அளவு என்றால் டிக்கை எடுத்துவிடுங்கள். கார்டின் டிரைவருக்கு அந்தத் திறமை இருந்தால், சின்ன ஸ்பீக்கரால் தாங்க முடியாத பேஸை சப்ஊஃபருக்குத் திருப்பிவிடும். அதே பெட்டியில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் 16 பிட், 48,000 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சோதியுங்கள்

அதே கான்ஃபிகர் பெட்டியில் ஒரு ஹாலும் அதில் ஸ்பீக்கர்களும் படமாக இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் கிளிக் செய்தால் அந்த ஒன்றில் மட்டும் மணிபோல ஒலி வர வேண்டும். ஒருவர் லேப்டாப்பில் கிளிக் செய்ய, இன்னொருவர் உட்காரும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு "வலது முன்னாடி", "இடது பின்னாடி" என்று சொன்னால் வேலை வேகமாக முடியும். சித்தப்பா வீட்டில் அந்த வேலையைச் சித்திதான் செய்தார், எனக்கு முன் அவர் காது கண்டுபிடித்தது.

அங்கே நடந்தது இது. ஃப்ரண்ட், சரவுண்ட் எல்லாம் சரியாக வந்தது. சென்டரைக் கிளிக் செய்தால் மணி ஒலி சப்ஊஃபரில் மந்தமாகக் கேட்டது. சப்ஊஃபரைக் கிளிக் செய்தால் சென்டரில் ஒன்றுமே இல்லை. அவசரத்தில் சரி என்று படத்தைப் போட்டோம். கதாநாயகன் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல வசனம் தரையில் உருண்டது. "சாமான் கெட்டுப்போச்சு" என்று சித்தப்பா முடிவே கட்டிவிட்டார்.

எதுவும் கெடவில்லை. ஆரஞ்சு ஓட்டையில் ஒரே பின்னில் இரண்டு வேலை நடக்கிறது, பின்னின் நுனி சென்டருக்கு, நடு வளையம் சப்ஊஃபருக்கு. நுனி வெள்ளை ஆர்சிஏவுக்கும் வளையம் சிவப்புக்கும் போகும் என்பதுதான் வழக்கம், ஆனால் எல்லாக் கேபிளும் எல்லா ஆம்ப்ளிஃபையரும் அப்படி இல்லை. அந்த வெள்ளையையும் சிவப்பையும் ஆம்ப்ளிஃபையரின் முதுகில் இடம் மாற்றிச் செருகினேன். வசனம் டிவியின் கீழிருந்து தெளிவாக எழுந்தது. 5.1 மாட்டும் வீடுகளில் இந்த ஒரு குழப்பத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். 3.5 பின்னே நேராக ஸ்பீக்கர் செட்டுக்குப் போகிறதென்றால் வயரை மாற்ற முடியாது. சில கார்டுகளின் மென்பொருளில் சென்டரையும் சப்ஊஃபரையும் மாற்றும் தேர்வு இருக்கும், அதைத் தேடுங்கள்.

லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் பல்ஸ்ஆடியோ வால்யூம் கன்ட்ரோலில் கான்ஃபிகரேஷன் பகுதிக்குப் போய் அனலாக் சரவுண்ட் 5.1 அவுட்புட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேக் என்றால் ஆடியோ மிடி செட்டப், அதில் கான்ஃபிகர் ஸ்பீக்கர்ஸ்.

படத்தில் ஆறு இருக்கிறதா?

எல்லாம் சரியாக மாட்டியும் பின் ஸ்பீக்கர் மௌனமாக இருந்தால், சங்கிலியின் முதல் கண்ணியைப் பாருங்கள். படத்தின் ஃபைலிலேயே இரண்டு சேனல்தான் இருக்கலாம். விஎல்சி பிளேயரில் படம் ஓடும்போது டூல்ஸ், அதில் கோடெக் இன்ஃபர்மேஷன் திறந்து, ஆடியோவுக்குக் கீழே சேனல்ஸ் என்ற வரியைப் படியுங்கள். "3எஃப்2ஆர்/எல்எஃப்இ" என்று இருந்தால் முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, சப்ஊஃபருக்கு ஒன்று, அதாவது முழு 5.1. "ஸ்டீரியோ" என்று இருந்தால் உங்கள் இணைப்பில் குறை ஒன்றும் இல்லை. ஒரே ஃபைலில் இரண்டு மூன்று ஒலித்தடங்கள் இருப்பதும் உண்டு. ஆடியோ டிராக் பட்டியலில் தமிழ் ஸ்டீரியோவாகவும் வேறு மொழி 5.1 ஆகவும் இருக்கலாம்.

யூடியூபில் பார்க்கும் பெரும்பாலானவை இரண்டு சேனல்தான். ஓடிடி தளங்களில் படத்தின் பக்கத்தில் 5.1 என்று போட்டிருந்தாலும், எந்தப் பிரவுசரில் அல்லது செயலியில் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது ஸ்டீரியோவாகச் சுருங்கிவிடும். ஒரு பிரவுசரில் வராவிட்டால் இன்னொன்றில் பாருங்கள், அந்தத் தளத்தின் விண்டோஸ் செயலி இருந்தால் அதையும் பாருங்கள்.

பாட்டுக் கேட்கும்போது என்ன செய்வது என்று கேட்பார்கள். பாட்டுகள் ஸ்டீரியோவில் கலந்தவை, மிகப் பழைய பாட்டுகள் மோனோ. அவற்றை ஆறு ஸ்பீக்கரிலும் பரப்ப ஸ்பீக்கர் ஃபில் போன்ற வசதிகள் உண்டு. நான் போடுவதில்லை. இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் பாடுபவர் நிற்கும் அந்த இடம் கலைந்துவிடுகிறது. முன் இரண்டும் சப்ஊஃபரும் போதும்.

அளவைச் சமன் செய்தல்

சின்ன வேலைதான், ஆனால் கேட்கும் அனுபவத்தை மிகவும் மாற்றுவது இதுதான். விண்டோஸிலும் பிளேயரிலும் வால்யூமை நன்றாக ஏற்றிவைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையரில் மட்டும் கூட்டிக் குறையுங்கள். மாற்றிச் செய்தால், அதாவது லேப்டாப்பில் குறைத்து ஆம்ப்ளிஃபையரில் ஏற்றினால், படத்தோடு சேர்ந்து "உஸ்ஸ்" என்ற இரைச்சலும் பெருகும்.

அப்புறம் போனில் ஒலி அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, நீங்கள் உட்காரும் இடத்தில் காது உயரத்தில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சோதனை ஒலியைப் போடுங்கள். போன் காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது, ஆனால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட அது போதும். சப்ஊஃபரை விட்டுவிட்டு மற்ற ஐந்தும் ஒன்றிரண்டு டெசிபலுக்குள் வரும்படி ஆம்ப்ளிஃபையரின் குமிழ்களைத் திருகுங்கள். சப்ஊஃபரைக் காதால் வையுங்கள், தனியாக ஒலிப்பதாகத் தெரியக் கூடாது. பின் ஸ்பீக்கர்தான் புதிதாக வந்திருக்கிறதே என்று அதை ஏற்றிவைக்கும் ஆசை வரும், வேண்டாம். வீட்டில் பெரியவர்களுக்கு வசனம் பிடிபடவில்லையென்றால் சென்டரை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் கூட்டுங்கள். மொத்த வால்யூமையும் ஏற்றி, சண்டைக் காட்சி வந்ததும் ஓடிப்போய்க் குறைக்கும் வேலை மிச்சம்.

"ம்ம்ம்" என்று ஓர் ஓசை

மாட்டி முடித்ததும் ஸ்பீக்கரில் தொடர்ந்து ஓர் உறுமல் கேட்கலாம். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். உடனே நின்றுவிட்டால் அது எர்த் வழியாகச் சுற்றிவரும் ஓசை. லேப்டாப் ஒரு பிளக்கிலும் ஆம்ப்ளிஃபையர் வேறு சுவர் பிளக்கிலும் இருக்கும்போது இது அதிகம் வரும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினாலே பாதி வீடுகளில் சரியாகிவிடும். டிவியும் அந்த ஆம்ப்ளிஃபையரோடு இணைந்திருந்தால், டிஷ் ஆன்டெனாவின் வயரை ஒருமுறை கழற்றிப் பாருங்கள், அது கூரையிலிருந்து தனி எர்த்தைக் கொண்டுவந்து சேர்க்கும். அதற்கும் போகாவிட்டால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்ன டிரான்ஸ்பார்மர் டப்பா கிடைக்கும். ஒரு ஸ்டீரியோ கேபிளுக்கு ஒன்று, ஆக மூன்று வேண்டும்.

ஓசை போக வேண்டுமென்று பிளக்கின் எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள். சிலர் அதை யோசனையாகவே சொல்வார்கள். உறுமல் நிற்கும், ஆனால் ஆம்ப்ளிஃபையரின் உள்ளே ஒரு வயர் விட்டுப்போய் இரும்புப் பெட்டியைத் தொட்டால் அது தொடுபவரின் உயிருக்கு ஆபத்து. இரண்டு பின் சார்ஜர் உள்ள லேப்டாப்பின் உலோக உடலைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று இருப்பது உண்டு. அது சிறிய கசிவுதான், ஆனால் அந்த நேரத்தில் ஆர்சிஏ வயரைக் கழற்றி மாட்டினால் கார்டின் சிப் பழுதாகலாம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மாட்டச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மவுஸை நகர்த்தும்போது "கிரீச்" என்று மெல்லிய ஒலி வருகிறதென்றால் அது யுஎஸ்பியின் மின்சாரத்தோடு சேர்ந்து வரும் இரைச்சல். லேப்டாப்பின் மறு பக்க ஓட்டையில் மாற்றிப் பாருங்கள். மேசைக் கம்ப்யூட்டரில் முன்பக்கத்தை விடப் பின்பக்க ஓட்டைகள் நல்லது.

உதட்டசைவும் ஒலியும் பொருந்தவில்லையென்றால் விஎல்சியில் ஜே, கே விசைகளை அழுத்திச் சரிசெய்யலாம். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் 50 மில்லிநொடி நகரும். ஒலி முந்தி வந்தால் கே, பிந்தி வந்தால் ஜே. நேற்று வரை வந்த ஒலி இன்று டிவிக்குப் போய்விட்டதென்றால், எச்டிஎம்ஐ கேபிளைச் செருகியதும் விண்டோஸ் டிவியையே ஒலிக்கும் தேர்ந்தெடுத்துவிட்டது என்று அர்த்தம். டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்து யுஎஸ்பி கார்டை மறுபடி தேர்ந்தெடுங்கள். சித்தப்பாவுக்கு இதை ஒரு தாளில் எழுதி டிவி ஸ்டாண்டின் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன், இப்போது அவரே மாற்றிக்கொள்கிறார்.